நாத்தனார் முடிச்சு

எருக்கஞ்செடியை வேர் அறாமல் எடுக்க வேண்டும் என்று மாமன் குப்புராஜ் கண்டித்துச் சொல்லியிருந்தார். சாமுண்டீஸ்வரி கடப்பாரையைச் சாய்த்து நெம்பினாள். செடி வருவேனா என்றது. கிளையொன்று முறிந்து பால் முழங்கை வரை வழிந்தது. கண்ணில் தெறித்துவிடப் போகிறதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி நெம்பினாள். உயிரோடு இருக்கிற தம்பிக்கு அக்கா பெண் பார்த்துவிட்டு வந்தால் போதும். செத்த தம்பிக்கு என்றால் பெண்ணையே தோண்டி எடுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

தம்பி சிட்டிபாபு பட்டாளத்துக்காரன். இலங்கைக்குப் போன அமைதிப்படையில் போனவன், யாழ்ப்பாணத்துப் பக்கம் ஏதோ ஒரு தென்னந்தோப்பில் செத்துப்போனான் என்று நேற்று முன்தினம் தகவல் வந்தது. இன்று மத்தியானம் தாம்பரம் விமானத் தளத்தில் பெட்டி இறங்கும், அங்கிருந்து சேலையூருக்கு மிலிட்டரி லாரியிலேயே கொண்டுவந்து விடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா அரிகிருஷ்ணனும் மற்ற ஆண்களும் விடிந்ததிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வம்சத்தில் கல்யாணம் ஆகாத ஆண் செத்தால் வெறுமனே அனுப்பமாட்டார்கள். ஆசை தீராமல் வீட்டையே சுற்றுவான் என்று பயம். எருக்கஞ்செடி ஒன்றைக் குளிப்பாட்டி, மஞ்சள் துணி சுற்றி, தாலிக்கயிற்றைப் பிணத்தின் கையில் தொட்டு எடுத்துச் செடிக்குக் கட்டுவார்கள். முடிச்சுப் போட வேண்டியவள் கூடப்பிறந்தவள். அப்புறம் அவனைக் குழியில் வைத்து, செடியைத் தலைமாட்டில் நட்டுவிடுவார்கள். பெண்ணைக் கட்டியவனுக்குத்தான் நெருப்பு; கட்டாதவனுக்கு மண். வயல்களெல்லாம் மனையாகி, மனைகளில் மாடி எழும்பி, கேம்ப் ரோட்டில் பஸ்ஸும் ஸ்கூட்டருமாக ஆகிவிட்ட பிறகும் இந்த வழக்கம் மட்டும் விற்காமல் கிடந்தது. வீட்டுக்குப் பின்னால் அரிகிருஷ்ணன் விற்காமல் வைத்திருந்த துண்டு நிலத்தில் இரண்டு ஆட்கள் காலையிலேயே குழி வெட்டத் தொடங்கியிருந்தார்கள்.

தெருவில் பாதி வீடுகள் சாத்திக் கிடந்தன. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். இந்த ஊர் வாயே திறக்கவில்லை, அது அதைவிட மோசம். போன வருஷம் தெருமுனைப் படிப்பகத்துப் பையன்கள் இலங்கைத் தமிழருக்காக உண்டியல் குலுக்கியபோது, லீவில் வந்திருந்த சிட்டிபாபுவும் அதில் போட்டான். இப்போது அதே பையன்கள் பந்தல் பக்கம் வரலாமா கூடாதா என்று தெரியாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். சீனாக்காரன் சுட்டான், பாகிஸ்தான்காரன் சுட்டான் என்றால் அரிகிருஷ்ணன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பார். யாரோடு சண்டை என்று யாராவது கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

சாமுண்டீஸ்வரிக்கு அதைவிடப் பெரிய முள் தொண்டையில் சிக்கியிருந்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். அவள் ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்துவிட்டு எட்டு மாதமாக ஆயிரம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிட்டிபாபுவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஆனி மாதம் சிங்கப்பெருமாள் கோவிலில், மலையைக் குடைந்த அந்தச் சந்நிதிக்கு வெளியே, அவன் தாலி கட்டினான். பெண் பெயர் தபீதாள். கேம்ப் ரோட்டு நர்சரிப் பள்ளியில் டீச்சர். சாமுண்டீஸ்வரியின் மகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள். மருமகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறேன் என்று லீவில் தினமும் தாய்மாமன் சிட்டிபாபு சைக்கிளை எடுத்தபோதே அக்கா சுதாரித்திருக்க வேண்டும். மாலை எடுத்துக் கொடுக்க, முடிச்சுப் போட, சாட்சி சொல்ல எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான் போயிருந்தாள். அடுத்த லீவில் வந்து அப்பாவிடம் நானே சொல்கிறேன், சொல்லிவிட்டு அப்புறம் பட்டாளத்திலும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றான். அந்த லீவே முடியவில்லை. ரெஜிமெண்டிலிருந்து கூப்பிட்டார்கள், போனான்.

அரிகிருஷ்ணனிடம் இதைச் சொல்வது சாமானியமில்லை. அவருடைய சொந்தத் தம்பி தன் மகளை வேறு ஜாதிப் பையனுக்குக் கட்டிக் கொடுத்தான் என்று பேச்சை நிறுத்தியவர், அந்தத் தம்பி செத்தபோதும் போகவில்லை. பாடை தன் வீட்டைக் கடந்து போகையில் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்ட மனுஷனிடம் வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள் என்று யார் போய்ச் சொல்வது.

கடப்பாரை கல்லில் பட்டது. நிமிர்ந்தபோது எதிரில் தபீதாள் நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற அதே நீலக் கரைச் சேலை. அழுத முகமாகத் தெரியவில்லை. அழக் கூடாது என்று முடிவு பண்ணிய முகம்.

"இதத்தான் அவருக்குக் கட்டி வைக்கப் போறாங்களா அக்கா?" என்று செடியைப் பார்த்துக் கேட்டாள்.

சாமுண்டீஸ்வரி கடப்பாரையைக் கீழே போட்டாள். அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன், என்ன ஆனாலும் சரி என்றாள். அது வாயிலிருந்து வந்ததே தவிர வயிற்றிலிருந்து வரவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"வேணாங்க்கா. குழியிலதானே வைக்கிறாங்க?"

"ஆமா. நம்ம நெலத்துலயேதான். வூட்டுக்குப் பின்னால."

"அப்ப எனக்கு அது போதும். யாருக்கும் ஒண்ணும் சொல்லாதீங்க. வந்து நிக்க ஒரு எடம் இருந்தா போதும்க்கா. வருசத்துல ஒரு நாள் பூ வச்சிட்டுப் போயிடுவேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து செடியின் அடித்தண்டைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். அவ்வளவு நேரம் அடம்பிடித்த செடி மண்ணோடு கையில் வந்துவிட்டது.

லாரி வந்தபோது உச்சி வெயில். சிப்பாய்கள் ஆறு பேர் பெட்டியை இறக்கினார்கள். கூட வந்த சுபேதார் அசரியா என்பவர் நம்மூர்த் தமிழர்தான், தூத்துக்குடிப் பக்கம். அரிகிருஷ்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, முகம் நன்றாக இருக்கிறது ஐயா, பெட்டியைத் திறக்கலாம் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த கங்கையம்மாள், அது கிடைத்ததும் மகன் மேல் விழுந்தாள். பெற்றவள் அழுததை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் அழுததில் ஒரே ஒரு வரி மட்டும் சாமுண்டீஸ்வரியை விடாமல் குத்திக்கொண்டிருந்தது. ஒருத்தி கையால சோறு துன்னாம பூட்டியேடா, ஒருத்தி கையால சோறு துன்னாம பூட்டியே.

தின்றான் அம்மா, என்று சொல்லத் தோன்றியது. பத்து நாள் தின்றான். வண்டலூர் பக்கம் சிநேகிதன் வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு வைத்துக்கொண்டு தபீதாள் பொங்கிப் போட்டாள். உப்பு அதிகம் என்று அவன் என்னிடம் வந்து சிரித்தான். இதையெல்லாம் மென்று விழுங்கிக்கொண்டு அம்மாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தபீதாள் மற்ற டீச்சர்களோடு தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றாள். மாணவியின் மாமா இறந்ததற்கு வந்தவர்கள் நிற்கிற தூரம் அது. அங்கிருந்து பார்த்தால் பெட்டியின் விளிம்புதான் தெரியும், முகம் தெரியாது.

பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று குப்புராஜ் அவசரப்படுத்தினார். அவருக்கும் ஒரு வருத்தம் இருந்தது. தன் மகளைச் சிட்டிபாபுவுக்குக் கொடுப்பதாக மனசுக்குள் வைத்திருந்தவர். அந்த உரிமையில் எல்லாவற்றையும் தானே முன்னின்று செய்தார். பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டி, வேட்டி கட்டி, நெற்றியில் காசு வைத்து, பெஞ்சில் கிடத்தினார்கள். மஞ்சள் துணி சுற்றிய எருக்கஞ்செடியைப் பக்கத்தில் ஒரு சொம்பு மணலில் நிறுத்தினார்கள். துணிக்கு மேலே நாலு இலை நீட்டிக்கொண்டிருந்தது. விரலி மஞ்சள் கோத்த கயிற்றைக் குப்புராஜ் பிணத்தின் விரல்களுக்குள் நுழைத்து எடுத்தார். செடியின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு முனைகளையும் சாமுண்டீஸ்வரியிடம் நீட்டினார்.

"போடு ஈஸ்வரி."

அவள் வாங்கிக்கொண்டாள். ஈரக் கயிறு. சிங்கப்பெருமாள் கோவிலிலும் இதே ஈரம்தான். அன்று தபீதாளின் பின்னங்கழுத்து முடியை ஒதுக்கிவிட்டு முடிச்சுப் போட்டபோது, வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை அக்கா, இன்னும் இறுக்கிப் போடுங்கள் என்றாள் அந்தப் பெண். விரல்கள் இரண்டு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தின. அதற்கு மேல் போகவில்லை.

"இன்னா, நிறுத்திட்ட? நீ போட்டாத்தான் செல்லும். போடு."

அவள் தலையைத் தூக்கித் தொட்டிப் பக்கம் பார்த்தாள். தபீதாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். யாரும் கவனிக்காதபடி மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம். சொல்லாதீங்க. சாமுண்டீஸ்வரிக்கு அது நன்றாகப் புரிந்தது. புரிந்த பிறகும் பேசினாள். அந்தப் பெண்ணுக்காகப் பேசினாளா, தன் கைக்கு ஒரு விடுதலை வேண்டும் என்று பேசினாளா என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"என்னால முடியாது மாமா. இவனுக்கு நான் முடிச்சுப் போட்டாச்சு."

"இன்னா சொல்ற?"

"ஆனி மாசம் சிங்கப்பெருமாள் கோயில்ல வெச்சி இவன் தாலி கட்னான். நான்தான் கூட இருந்தேன். இன்னொருக்கா போட மாட்டேன்."

பந்தலில் விசிறி ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். துக்கத்தில் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று குப்புராஜ் சபைக்கு விளக்கம் சொல்லப் பார்த்தார். அரிகிருஷ்ணன் அவரைக் கையால் தள்ளிவிட்டு மகள் முன்னால் வந்து நின்றார்.

"யாரு?"

அவளுக்குப் பெயர் வரவில்லை. கண் மட்டும் போயிற்று. அந்தக் கண்ணைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் எல்லாக் கண்களும் தண்ணீர்த் தொட்டிக்குப் போயின. டீச்சர்கள் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் அரை அடி நகர்ந்துகொள்ள, தபீதாள் தனியாக நின்றாள். அரிகிருஷ்ணனின் கை உயர்ந்தது. அது தன் கன்னத்துக்குத்தான் என்று சாமுண்டீஸ்வரி தயாராகவே இருந்தாள்.

"இருங்க. மொதல்ல நான் கேக்கறேன்," என்று கங்கையம்மாள் எழுந்தாள். அத்தனை நேரம் தூக்கிப் பிடித்தால்தான் உட்கார முடிந்தவள், யார் தோளையும் பிடிக்காமல் நடந்து போனாள். மெய்யா என்று கேட்டாள். தபீதாள் ரவிக்கைக்குள்ளிருந்து கயிற்றை எடுத்து வெளியே போட்டாள். கங்கையம்மாள் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். சாயம் போய், நைந்து, நூல் பிரிந்திருந்தது.

"கயிறு மாத்தவே இல்லியா?"

"யார் மாத்துவாங்க அத்தை?"

மூன்றாம் மாதம் தாலியைப் பிரித்துப் புதுக் கயிற்றில் கோத்துப் போட வேண்டியவள் மாமியார். கங்கையம்மாள் அந்த நைந்த கயிற்றைக் கையிலிருந்து விட்டாள். அப்புறம் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, அன்பாக என்றுகூடச் சொல்ல முடியாது, மாட்டை இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு வந்து மகனின் தலைமாட்டில் உட்கார வைத்தாள். தபீதாள் அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். மூக்கில் வைத்திருந்த பஞ்சு ஒரு பக்கம் தள்ளியிருந்தது. அதைச் சரியாக வைத்தாள்.

வளையலுக்கும் பூவுக்கும் கை நீட்டிக்கொண்டு இரண்டு கிழவிகள் வந்தார்கள். கங்கையம்மாள் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். "இவ இன்னிக்குத்தான் இந்த வூட்டுக்கு வந்துகீறா. இன்னிக்கே அறுக்காதீங்க," என்றாள். கிழவிகள் போய்விட்டார்கள்.

இனி எல்லாம் அரிகிருஷ்ணன் வாயில் இருந்தது. அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். குப்புராஜ் பக்கத்தில் போய், ஊர் பார்க்கிறது, அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு மீதியை முடிப்போம் என்று காதில் ஓதினார். சுபேதார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குடும்பத்து விஷயம் என்று ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றார். அப்பா கதவைச் சாத்துவதைச் சாமுண்டீஸ்வரி ஒருமுறை பார்த்திருக்கிறாள். சொந்தத் தம்பிக்கே சாத்தியவர்.

அரிகிருஷ்ணன் கொல்லைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். குழி வெட்டியவர்கள் மண்ணும் வேர்வையுமாக வந்து நின்றார்கள்.

"குழி வேணாம். ஏரிக்கரையில கட்டை அடுக்கச் சொல்லு," என்றார்.

சாமுண்டீஸ்வரி கயிற்று முனைகளைக் கையிலிருந்து விட்டாள். அப்பா இதைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. ஊர் முன்னிலையில் மருமகள் என்று சொல்லிவிட்டார். அவள் அழுதாள், சந்தோஷம் என்று சொன்னால் பாவம், ஆனால் அது கிட்டத்தட்ட சந்தோஷம்தான். நிமிர்ந்து தபீதாளைப் பார்த்தாள்.

தபீதாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"எரிக்கவா போறீங்க?"

அரிகிருஷ்ணன் ஆமாம் என்று தலையசைத்தார்.

"வேணாம் மாமா. குழியில வைங்க. எனக்கும் இவருக்கும் ஒண்ணுமில்ல. அக்கா பொய் சொல்றாங்க." கழுத்தில் கிடந்த கயிற்றை அள்ளி மறுபடி ரவிக்கைக்குள் திணித்தாள். "இத நானா கட்டிக்கிட்டேன். நான் போயிடறேன், நீங்க செடிக்கே கட்டுங்க. மண்ணுல வைங்க, போதும்."

சாமுண்டீஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் தபீதாள் கேட்டது ஒன்றே ஒன்று. பேர் வேண்டாம், உறவு வேண்டாம், வந்து நிற்க ஒரு இடம். அதைத்தான் தன் வாயால் பிடுங்கியிருக்கிறாள். தாலிக்குச் சாட்சி சொல்லப் போய்க் கல்லறையைப் பறித்தவள் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தன்னையே வைதுகொண்டாள்.

அரிகிருஷ்ணன் தபீதாள் அருகில் வந்தார். அவரும் ஒன்றும் புரியாதவர் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த மரியாதை ஒன்றுதான்.

"பொண்டாட்டி கட்னவனுக்கு நெருப்புதாம்மா. அது அவன் சம்பாரிச்சது. நான் அத எப்பிடிப் புடுங்குவேன்?"

தபீதாள் அடங்கிப்போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வாய்க்கரிசி போடும்போது கங்கையம்மாள் அவள் கையில்தான் அரிசியை முதலில் கொடுத்தாள். சிப்பாய்கள் தூக்கினார்கள். பறை முழங்க, தெருமுனையில் படிப்பகத்துப் பையன்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்கள். கொள்ளிச் சட்டியோடு முன்னால் போன அரிகிருஷ்ணன் வாசற்படியில் ஒரு கணம் நின்றார். பந்தலில் காலியாகக் கிடந்த மிலிட்டரிப் பெட்டி கண்ணில் பட்டது. இதைத் திரும்ப எடுத்துப் போவீர்களா என்று சுபேதாரைக் கேட்டார். இல்லை ஐயா, வேதக்காரர்கள் நாங்கள் அதோடேயே அடக்கம் பண்ணிவிடுவோம் என்றார் அசரியா. அரிகிருஷ்ணன் பெட்டியைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"அந்தப் பொட்டிய கொல்லைக் குழியில எறக்கி மூடிடுங்க," என்று ஆட்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பெண்கள் குளிக்கக் கிணற்றடிக்குப் போனார்கள். குழி வெட்டிய இரண்டு பேரும் பெட்டியைக் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போக, தபீதாள் அவர்கள் பின்னால் நடந்தாள். சாமுண்டீஸ்வரிக்கும் போகாமல் இருக்க முடியவில்லை. கூட நடக்கத் துணிவில்லாமல் நாலடி தள்ளி நடந்தாள். கனமில்லாத பெட்டி குழிச் சுவரில் இடித்து இடித்து இறங்கியது. ஏரிப் பக்கமிருந்து சிப்பாய்கள் மரியாதைக்குத் துப்பாக்கி வெடிக்கும் சத்தம் கேட்டது. தபீதாள் அந்தத் திசையில் திரும்பக்கூட இல்லை.

"தலைமாடு எந்தப் பக்கம் அக்கா?"

பந்தலில் அத்தனையும் நடந்த பிறகு அவள் சாமுண்டீஸ்வரியிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலிப் பெட்டிக்குத் தலைமாடு ஏது, கால்மாடு ஏது. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தன.

"தெக்கால," என்றாள் சாமுண்டீஸ்வரி.

தபீதாள் சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் போய் நின்றாள். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி உள்ளே போட்டாள். வெறும் பலகையில் மண் விழுகிற சத்தம் கேட்டது. இன்னொரு கை அள்ளினாள். ஆட்கள் அவள் முடிக்கட்டும் என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.